கட்டு அவிழ்ந்த பிறகு

கரண்டு போனால் மற்ற ஆஸ்பத்திரிகளில் ஜெனரேட்டரைப் போடச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். எங்கள் டாக்டர் சுவிட்சுகளை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடுவார். "ஃபிரிட்ஜு பிளக்கப் புடுங்குங்க. ஃபேனு, டியூப்லைட்டு, ஒன்னு விடாம ஆஃப் பண்ணுங்க. கரண்டு போறப்ப ஒன்னும் ஆகாது சிஸ்டர். வர்றப்பத்தான் எல்லாம் எரியும்" என்பார். நாங்களும் இருட்டுக்குள் தடவித் தடவி ஒவ்வொன்றாக அணைப்போம். கரண்டு வந்ததும் நோயாளிகளோடு வந்த பிள்ளைகள் "ஏய்ய்" என்று கத்தும். எங்கள் வார்டில் மட்டும் எதுவும் எரியாது, எதுவும் சுற்றாது. அவர் வாசலில் நின்று எதிர்க்கடை பல்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அது கூடாமல் குறையாமல் எரிந்தால்தான் எங்களுக்கு உத்தரவு வரும்.

வியர்வையில் குளித்தபடி நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டே நிற்போம். ஆனால் தொண்ணூறுகளில் கோரிப்பாளையத்தைச் சுற்றி இருந்த கடைகளில் எத்தனையோ ஃபிரிட்ஜும் டிவியும் கருகின. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பல்புகூடப் போகவில்லை. அதற்காக அவரை யாரும் பாராட்டியதாக நினைவில்லை.

நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ஒத்தக்கடையில் வாடகை வீடு, தினமும் டவுன் பஸ், இரண்டு வேளை நின்றுகொண்டே பயணம். அது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுமில்லை. கீழே மருந்துக்கடை, மேலே இரண்டு வார்டு, கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட ஐ.சி.யூ. அந்த ஐ.சி.யூ.வுக்குப் பொறுப்பு அவர்தான். குள்ளமான மனிதர். அரைக்கைச் சட்டை, பையில் மை ஒழுகிய கறை, இன்னொரு பையில் எப்போதும் பொரிகடலை. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் இருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் கடகடவென்று பேசுவார். எங்களுக்கு ஒரு சொல்கூட விளங்காது. ஆனால் அதிலும் அந்த ஒரு வாக்கியம் வந்துபோகிறது என்று அவர் குரலை வைத்தே கண்டுபிடித்து நாங்கள் சிரிப்போம்.

அந்த வாக்கியம், "இனிமேத்தான் இருக்கு."

அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் 'இனிமேத்தான்'. "இனிமேத்தான் வந்துட்டாரா?" "இனிமேத்தான் சாப்பிடப் போயிருக்காரு" என்றுதான் எங்களுக்குள் பேச்சு. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கண்டுகொண்டதில்லை.

கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவரை நெஞ்சு வலி என்று தூக்கிவந்தார்கள். முகமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கிற ஊசியை டாக்டர் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, "யம்மா, ஒரு காப்பி கெடைக்குமா?" என்று என்னைக் கேட்டார். வெளியே சொன்னதும் அவர் மகன்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒருவன் ஓடிப்போய்க் கிலோ கணக்கில் லட்டு வாங்கி வந்துவிட்டான். டாக்டர் முன்னால் டப்பாவைத் திறந்து நீட்டினான்.

"மூடி வையிங்க. இனிமேத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

மகனுக்கு முகம் செத்துவிட்டது. "என்னங்க டாக்டர், நல்ல வார்த்த ஒன்னு சொல்ல மாட்டீகளா? அதான் அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாருல்ல."

டாக்டர் உள்ளே போனார். பெயிண்ட் உரிந்த இரும்பு ஸ்டூல் ஒன்று இருந்தது. அதை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பொரிகடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி என்னோடு கடை வியாபாரம் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சு நடுவிலேயே கண் சொருகிச் சாய்ந்தார். மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டர் அதற்குள் எழுந்து நின்றிருந்தார். ஷாக் கொடுத்து அவரைத் திரும்ப எடுத்தோம். கடலைத் துகள் டாக்டர் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பம் கும்பிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "அந்தாளு வாய வச்சாரு, அப்படியே ஆயிருச்சு" என்று வெளியே எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் நல்லது நடக்கும் நேரத்தில் கெட்டதை நினைவுபடுத்துகிறவனுக்கு இதுதான் மரியாதை. நானும் அந்தச் சனத்தில் ஒருத்திதான். எனக்கும் அவர் வாயைக் கண்டால் உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்தது.

ஒரு நாள் கேட்டே விட்டேன். நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போன நேரம், எனக்கும் பொறுமையில்லை.

"ஏன் டாக்டர், ரத்தம் இல்லாமதான செல்லெல்லாம் சாகுது? ரத்தம் வந்துட்டா நல்லதுதான? அதுக்குப் போயி ஏன் இப்படி பயப்படுறீங்க?"

"ரத்தம் வருது, சரி. ரத்தத்தோட யாரு வர்றான்னு பாக்கணும்ல?" என்றார்.

அவர் கடலையை உள்ளங்கையில் கொட்டி எனக்கும் நீட்டினார்.

"மொத அடி உப்பும் அமிலமும். ரத்தமில்லாமக் கெடந்த எடத்துல தேங்குனது எல்லாம் ஒரேயடியா இதயத்துக்கு வரும். அது ஒடனே தெரிஞ்சுரும், சமாளிச்சுரலாம். ரெண்டாவது அடி மெதுவா வரும். அது வெள்ளை அணு. நம்ம ஒடம்புக் காவலுக்கு இருக்குதே, அதே வெள்ளை அணு. ஒரு ஊர்ல அடிதடி நடந்து ஓஞ்சு போச்சுன்னு வையிங்க. அம்புட்டுப் பேரும் காயம்பட்டுக் கெடக்கான். அப்பத்தான் போலீஸ் வண்டி வருது. யாரு அடிச்சவன், யாரு அடி வாங்குனவன்னு வந்தவனுக்குத் தெரியுமா? ரோட்டுல கெடக்குறவன், வீட்டுக்குள்ள ஒளிஞ்சவன், எல்லாத்துக்கும் அடி. அடிச்ச கையோட வண்டியில ஏறி அடுத்த ஊருக்கும் போவான்."

"அடுத்த ஊருன்னா?"

"நுரையீரல். கிட்னி. எங்க வேணா போகும். கால்ல ரத்தம் நின்னவன் மூச்சுத் திணறிச் சாவான். ஏன்னு யாருக்கும் வெளங்காது."

"அப்ப அந்த அணுவ அடக்குறதுக்கு மருந்து குடுத்தா?"

"அப்படி ஒரு மருந்து இன்னும் வரல. மொத்தமா அடக்குனீங்கன்னா நாலு நாள்ல கிருமி வந்து தின்னுட்டுப் போயிரும். காவலே இல்லாத ஊராப் போயிரும்ல."

"பெறகு தெரிஞ்சு என்ன டாக்டர் பிரயோசனம்?"

அதற்கு அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மிச்சக் கடலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பக்கத்துல உக்காந்திருக்கலாம்" என்றார்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இதையெல்லாம் தேடித்தேடிப் படிப்பார் என்று கேள்வி. ஒருமுறை டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் இந்த வெள்ளை அணு விஷயத்தைப் பேசப் போனாராம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். பிரியாணி வாசம் வந்ததும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கூடப் போன எங்கள் சர்ஜன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவரும் கூடவே சிரித்தார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் நர்ஸுகள் கூட்டமாகப் போயிருந்தோம். தாலி கட்டி முடித்து எல்லோரும் பந்திக்கு ஓடுகிற நேரம். அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மிகுந்த பாசத்தோடு, "மாப்ள, இனிமேத்தான் இருக்கு" என்றார். மண்டபமே சிரித்தது. அவர் வீட்டம்மா மட்டும் எங்களிடம் வந்து புலம்பினார். "பாத்தீங்களாம்மா, நல்ல நாளும் பொழுதுமா! நான் இந்தப் பிள்ளயப் பெத்துக் கையில வாங்குறேன், அப்பயும் பக்கத்துல நின்னு இதத்தான் சொன்னாரு. முப்பது வருசமா இந்த மனுசன் வாயில இருந்து 'எல்லாம் சரியாப் போச்சு'ன்னு ஒரு சொல்லு நான் கேட்டதில்ல."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போகலாம். என் தம்பி விஷயம் வரும் வரைக்கும் நானும் சிரித்தவள்தான்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம், கரிசல் காடு. அப்பாவும் தம்பியும் பருத்தி போட்டிருந்தார்கள். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வந்த நேரத்தில் ஓடிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். அன்றைக்கு விடியும் முன்பே வந்தது. தம்பி எழுந்து ஓடி மோட்டார் ரூமுக்குள் கால் வைத்ததும் கணுக்காலில் ஏதோ கடித்தது. கம்பால் அடித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால், கருத்த உடம்பில் வெள்ளை வளையம் போட்ட பாம்பு. கட்டுவிரியன் என்று முடிவாகிவிட்டது.

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிவந்து பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தொடையில் கட்டினார்கள். கட்டி, நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கினார்கள். அப்புறம் பக்கத்து ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரம் சொல்லிப் பாடம் போடுகிறவரிடம் வண்டியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பச்சிலையை அரைத்துக் கொடுத்து, "நான் சொல்ற வரைக்கும் கட்ட அவுக்கப்படாது" என்று சொல்லியிருக்கிறார். நேரம் போகப்போகத் தம்பியின் கால் நீலம் பாரித்தது, சில்லிட்டது. ரத்தம் போகாமல்தான் அந்த நிறம் என்று அங்கே யாருக்குத் தெரியும்? விஷம் ஏறுகிறது என்று பதறி, அதற்கு மேலே இன்னொரு டியூபையும் கட்டி முறுக்கினார்கள். அவன் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான் என்று அம்மா பிற்பாடு பெருமையாகச் சொன்னாள்.

எனக்குப் போன் வந்ததும் நான் கத்திய கத்தலில் காரைப் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வந்துசேர்ந்தபோது உச்சி வெயில். அப்பா கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் செத்த பாம்பு.

டாக்டர் பாம்பை டிரேயில் போட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகுச் செதிலைப் பார்த்தார். வாயைப் பிளந்து பார்த்தார். "இது விரியன் இல்ல. பாக்க அதே மாதிரி இருக்கும். பல்லியப் புடிச்சுத் திங்கிற பாம்பு. விஷமே கெடையாது" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பறம் என்னங்கய்யா, அந்தக் கட்ட அறுத்து விட்ருவோம். புள்ள வலியில துடிக்கிறான்ல" என்று சொல்லிக்கொண்டே மடியில் இருந்த பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்.

"தொடாதீங்க!" என்று டாக்டர் கத்தினார். நோயாளிக்கு முன்னால் அவர் இப்படிக் கத்தியதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்பாவைத் தனியே கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொன்னார். நானும் கூட நின்றேன். கட்டி வெகு நேரமாகிவிட்டது. காலில் சதை பாதிக்கு மேல் செத்திருக்கும். இப்போது கட்டை அவிழ்த்தால் காலுக்குள் தேங்கியிருப்பது எல்லாம் உடம்புக்குள் வரும். அதைத் தாங்கினாலும், உடம்பின் காவல் அணுக்கள் காலுக்குள் புகுந்து மிச்சத்தையும் அடிக்கும், பிறகு வேறு இடத்துக்கும் போகும். கட்டோடு வைத்துக் காலை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை.

அப்பா அவரை ஏதோ பைத்தியக்காரனைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். "விஷமே இல்லைங்குறீங்க. பெறகு காலை எடுக்கணும்ங்குறீங்க. என்னங்கய்யா ஞாயம் இது? கால் இல்லாம எம்புள்ள வயக்காட்டுல என்ன செய்வான்?" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ என்னத்தா சொல்ற?" என்றார்.

"டாக்டர் சொல்றதக் கேளுங்கப்பா" என்றேன்.

"நீ ஆஸ்பத்திரிக்காரி. அப்படித்தான் சொல்லுவ" என்றார்.

உள்ளே தம்பி முழு நினைவோடு இருந்தான். அவனும், "காலு வேணும்க்கா. எப்படியாச்சும் காலக் காப்பாத்தச் சொல்லுக்கா" என்றான். நான் வெளியே வந்து அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். டாக்டரும் வற்புறுத்தவில்லை. சட்டைப்பையைத் தடவினார், கடலையை எடுக்காமலே கையை வெளியே எடுத்தார்.

"சரி. மெதுவா அவுப்போம்" என்றார்.

இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஓட, மருந்தெல்லாம் தயாராக வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முறுக்குக் குச்சியை அரைச் சுற்று திருப்புவார், நிறுத்துவார். மறுபடி இறுக்குவார், காத்திருப்பார். நாங்கள் எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை கோடு தடுமாறியது, இரண்டு முறையும் சமாளித்தார். கடைசி டியூபும் கழன்று விழுந்தபோது தொடையில் இருந்து சிவப்பு மெல்ல இறங்கி முழங்காலைத் தாண்டியது, பாதத்துக்கு வந்தது. காலைத் தொட்டால் சூடு. தம்பி கட்டைவிரலைக் கொஞ்சம் அசைத்தான். அப்பா அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் படிப்பு, அனுபவம் எல்லாம் அந்த நிமிடத்தில் எங்கேயோ போய்விட்டது. நானும் அழுது சிரித்தேன்.

அம்மா வாசலில் இருந்தே கேட்டாள். "டாக்டரய்யா, எம்புள்ள பொழச்சுட்டான்ல?"

"இனிமேத்தான் இருக்கும்மா" என்றார்.

அம்மாவுக்கு அவருடைய பழக்கம் தெரியாது. அவள் அதைத் தனக்கென்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள். என்னிடம் வந்து, "அவரு வாயால சரியாப் போச்சுன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது" என்றாள். ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே செய்தாள். கடுங்காப்பி மட்டும். நான் ஒத்தக்கடையில் இருந்து பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வருவேன், அது திறக்காமலேயே திரும்பிப் போகும். கூட வேலை பார்த்த நர்ஸுகள் அவளிடம் எடுத்துச் சொன்னார்கள். "அம்மா, அந்தாளு யாருகிட்டயும் அப்படிச் சொல்ல மாட்டாரும்மா. அவரு வீட்டம்மாவுக்கே சொன்னதில்ல. நீங்க அதுக்குக் காத்திருந்தீங்கன்னா பட்டினி கெடந்தே செத்துருவீங்க." அம்மா கேட்கவில்லை. "சொல்லுவாரு" என்றாள்.

மறுநாளே கால் வீங்கத் தொடங்கியது. தோல் மினுமினுத்தது. சர்ஜன் வந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்துவிட்டார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, பிறகு நின்றது. டயாலிசிஸ் போட்டோம். காலை எடுக்கட்டுமா என்று மறுபடி பேச்சு வந்தபோது டாக்டரே வேண்டாம் என்று தலையாட்டினார். வெள்ளை அணு வண்டி ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும் நீர் கோத்து வெள்ளையாக இருந்தன. தம்பி மூச்சுக்கு ஏங்கினான். குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். அதற்கு முன்னால் கடைசியாக அவன் பேசியது, "பருத்திக்குத் தண்ணி பாச்சிட்டாகளாக்கா?" என்பது.

அந்த நாட்களில் டாக்டர் அநேகமாக வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எதையோ திருப்பி வைப்பார், டிரிப்ஸைக் கூட்டுவார், குறைப்பார், மறுபடி உட்காருவார். எனக்கு டியூட்டி போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் கேட்காமல் உள்ளே போய்ப்போய் வருவேன். ஒரு தடவை அவரிடம், "உங்க வெள்ளை அணு என்ன சொல்லுது டாக்டர்?" என்று கேட்டேன். குரலில் விஷம் இருந்தது எனக்கே தெரிந்தது. மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "அதுக்கு நல்லது செய்றோம்னுதான் நெனப்பு" என்றார்.

அதற்கடுத்த காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி மாடி ஏறினேன். கையில் வழக்கம்போல் தூக்குச்சட்டி. ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இல்லை. அதை எடுத்துச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். அதன்மேல் யாரோ ஒரு மருந்துப் பெட்டியை வைத்திருந்தார்கள்.

அம்மா நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், எழுந்து நிற்கத் தெம்பில்லை. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். திரும்பப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மெல்ல நடந்து வந்து அம்மா முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, எல்லாம் சரியாப் போச்சும்மா" என்றார். "புள்ளைக்கு இப்ப வலி இல்ல. நல்லாத் தூங்குறான். நீங்க போயி ஒரு வாய் சாப்புட்டு வாங்க."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா அய்யா?"

"நெசமாத்தாம்மா."

நான் மறுபடி கண்ணாடி வழியாகச் சுவரோரத்து ஸ்டூலைப் பார்த்தேன். அவர் எழுந்து என்னைத் தாண்டிப் போகும்போது, "கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போங்க. சூடா ஏதாச்சும் வாங்கிக் குடுங்க. அவசரமில்ல" என்றார். முகத்தைக் காட்டவில்லை.

அம்மாவைத் தாங்கிப் பிடித்துப் படி இறக்கினேன். கேண்டீனில் கூட்டமில்லை. இட்லி வாங்கி வைத்தேன். முதல் வாயை விழுங்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு பசி தெரிந்துவிட்டது. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வேகமாகச் சாப்பிட்டாள். "சட்னியில உப்பு கூடக் கெடக்கு" என்று குறை சொன்னாள். இன்னும் இரண்டு வேண்டும் என்றாள். வாங்கி வந்தேன்.

"சொல்லவே மாட்டாரு, சொல்லவே மாட்டாருன்னு அம்புட்டுப் பேரும் சொன்னீகள்ல. பாத்தியா, சொல்லிட்டாருல்ல?" என்றாள். அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஆமாம்மா, சொல்லிட்டாரு" என்றேன்.

"நீயும் நாலு நாளா ஒன்னும் திங்கல. இந்தா." தன் இலையில் இருந்த ஒரு இட்லியை எடுத்து என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன். வாயில் வைத்ததை விழுங்கத்தான் வேண்டியிருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு காப்பி கேட்டாள். ஆற்றி ஆற்றி, ஊதி ஊதிக் குடித்தாள். மேலே இருந்து யாராவது என்னைத் தேடி வருகிறார்களா என்று நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரையும் அனுப்ப வேண்டாம் என்று அவர் சொல்லிவைத்திருப்பார். அம்மா குடித்து முடித்துக் கை கழுவிக்கொண்டு வரும் வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.